கழித்தவை

எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே எங்கோ
ஒரு பள்ளம் இருக்க வேண்டும்.
முதல் நட்சத்திரங்கள் பற்றிக்கொண்டபோது
ஹைட்ரஜன் லேசாக முகம் சுளித்ததன் தடம்.
வானத்தின் மொத்த இரைச்சலில்
பத்தாயிரத்தில் ஒரு பங்கு.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வேலையின் பெயர் பெரியது. செய்வது இவ்வளவே:
கருவி தன்னைப் பற்றிப் பேசுவதையெல்லாம்
வானத்தின் பேச்சிலிருந்து எடுத்துவிடுவது.
சூடேறினால் பெருக்கி முனகும்.
ஏசி ஓடினால் ஒரு முனகல், நின்றால் வேறு.
மதிய வெயிலில் ஆன்டெனாத் தகடு
விரிகிற மில்லிமீட்டர்கூடத்
தன் பங்குக்கு ஒரு கையெழுத்துப் போடும்.

இந்த மாதம் புதிதாக ஓர் அலை.
பத்து மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு மேடு,
படிய வாரிய தலைபோல ஒழுங்காக.
வானத்துக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது.
பில் ஒன்றின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன்:
பத்து மீட்டர்.

திப்பேஸ்வாமிக்குப் போன் போட்டேன்.
நகரத்துக்கு வடக்கே, கடலைக்காட்டு நடுவே
ஆன்டெனாக்களோடு தனியாக இருப்பவர்.
"அங்கே பத்து மீட்டரில் என்ன இருக்கு?"
காற்று. செருப்புச் சத்தம்.
அடி வைத்து எண்ணுவது கேட்டது,
ஒந்து, எரடு, மூரு.
"கேபிள் மேடம். பழசை எலி கடிச்சிடுச்சு.
கையில இருந்ததை மாட்டினேன். கொஞ்சம் நீளம்."
அளவு தப்பாகச் சட்டை வாங்கிவந்தவர் மாதிரி
கூச்சத்தோடு சொன்னார்.

வந்த அலை மூட்டில் இடறித் திரும்பி
பின்னால் வருகிற தன்னையே முட்டிக்கொள்கிறது.
அவ்வளவுதான். தெரிந்துவிட்டால் கழித்துவிடலாம்.

கழித்தேன்.
மீதியில் இன்னொரு நெளிவு. கழித்தேன்.
ஐந்தாம் படிக் கோவை போதவில்லை, ஏழு போட்டேன்.
ஒன்பது.
இரவு இரண்டரைக்கு யஷ்வந்த்பூர் யார்டில்
சரக்குப் பெட்டிகளைக் கோத்தார்கள்,
இடி ஒவ்வொரு பெட்டியாகக் கடைசிவரை போனது.
பதினொன்று போட்டேன்.
கோடு படுத்துவிட்டது.
துணி எடுத்த பிறகு கொடிக்கயிறு
நிமிர்ந்து நிற்குமே, அப்படி.

மத்திகெரேயில் காலை ஆறரைக்குக் குப்பை வண்டி.
ஹசி கச, ஒண கச. ஈரம் தனி, உலர்ந்தது தனி.
என் பச்சை வாளியைக் கவிழ்த்த பெண்
காப்பிச் சக்கையைக் கையுறையால் கிளறி
ஸ்பூன் ஒன்றை எடுத்து நீட்டினாள்.
"இது பேக்கா?"
வேண்டும் என்றேன். கழுவினேன்.
அதிலேயே சர்க்கரை கலக்கிக்கொண்டு
படத்தை நஸ்னீனுக்கு அனுப்பினேன்.

அழகு, என்று முதலில் வந்தது.
பிறகு வெகுநேரம் எதையோ
எழுதி அழித்துக்கொண்டிருந்தாள்.
"செவ்வாய்க்கிழமைத் தரவில், எழுபத்திரண்டில்,
நானே ஒரு பொய்ப் பள்ளம் போட்டுவைத்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை. கிடைத்ததா?"

கிடைக்கவில்லை.

காப்பி ஆறி ஆடை கட்டியது.
பொய் என்பதால் தப்பித்தேன்.
ஆயிரத்து முந்நூறு கோடி வருடம் நடந்து வந்த ஒன்றை
எலியோடும் கேபிளோடும் சேர்த்துச் சுருட்டி எறிந்துவிட்டு
வெறும் கோட்டைக் கூட்டத்தில் காட்டியிருப்பேன்.
கைதட்டியும் இருப்பார்கள்.

கழித்ததையெல்லாம் ஒரு கோப்புறையில்
போட்டுவைப்பது என் பழக்கம்.
கஞ்சத்தனம் என்று நஸ்னீன் கேலி செய்வாள்.
திறந்தேன்.
ஏசி, வெயில், எலி, மறுபடி ஏசி.
ஏழாம் படி எடுத்ததில் ஒன்றுமில்லை.
ஒன்பதில் ஒரு தோள் தெரிந்தது.
பதினொன்றில், எழுபத்திரண்டுக்கு நேர் கீழே,
பாதிப் பள்ளம்.
மீதிப் பாதி எங்கே என்று
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானம் திப்பேஸ்வாமி கூப்பிட்டார்.
சின்ன கேபிள் வந்துவிட்டதாம், மாற்றிவிடட்டுமா?
வேண்டாம், இரண்டு நாள் அதுவே இருக்கட்டும் என்றேன்.
எது அதனுடைய பேச்சு என்று
அதனிடமே இன்னும் நான் கேட்டு முடிக்கவில்லை.